விளக்கும் அலமாரியும்

என் வீட்டு முன்னறையில் இரண்டு பொருள்கள் மின்னுகின்றன. ஒன்று, என் தாயார் சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கு. மற்றொன்று, 2011ஆம் ஆண்டில் நான் வாங்கிய வெண்ணிற அலமாரி. மாலையில் விளக்கேற்றியதும் அதன் சுடர் எதிரே நிற்கும் அலமாரியின் கதவில் விழும். அங்கும் ஒரு விளக்கு எரிவதுபோல் தோன்றும். "ஒரு திரியை ஏற்றி இரண்டு விளக்கின் ஒளியைப் பெறுகிறீர்களே!" என்று நண்பர் ஒருவர் வியந்து சொன்னதுண்டு.

ஆனால், அவ்விரண்டும் ஒரே வகையில் மின்னுவன அல்ல. விளக்கு, தேய்க்கத் தேய்க்க மின்னும். அலமாரியோ, தேய்த்தால் கெடும். இந்த எளிய வேறுபாட்டை உரிய நேரத்தில் எடுத்துச் சொல்லாமையால் என் வீட்டில் ஒரு மனவருத்தம் நேர்ந்தது. அதையும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றையும் சொல்லவே இக்கட்டுரை. பளபளக்கும் தளவாடங்களை ஒன்றுக்கொன்று பொருத்தமாகத் தேர்ந்து வீட்டில் வைக்க விரும்பும் அன்பர்களுக்கு இதில் பயன்படும் குறிப்புகள் சில கிடைக்கலாம். அவற்றினும் பயனுள்ள ஒன்றும் கிடைக்கலாம்.

நான் பிறந்தது குளுவாங்கை அடுத்த ஒரு கித்தாத் தோட்டத்தில். எங்கள் லயத்து வீட்டில் தளவாடம் என்று சொல்லத்தக்கவை மிகச் சில. ஒரு பலகைக் கட்டில், துணிமணி வைக்கும் ஒரு தகரப் பெட்டி, என் தந்தையார் செய்த ஒரு மேசை, அவ்வளவே. கடைக்குச் சரக்கு வந்த மரப்பெட்டிகளைப் பிரித்து, அவரே ஆணியடித்துச் செய்த மேசை அது. அதன் இரண்டு கால்கள் ஒரு நிறம். மற்ற இரண்டும் வேறு நிறம். பொருத்தம் என்னும் சொல்லை நாங்கள் திருமணப் பேச்சில் மட்டுமே கேட்டிருந்தோம். மேசைக்கும் நாற்காலிக்கும்கூடப் பொருத்தம் பார்ப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது.

அந்த வீட்டில் மின்னிய பொருள் குத்துவிளக்கு ஒன்றே. அம்மா விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து கொடுத்துவிட்டு வீடு திரும்புவார். வியாழக்கிழமை மாலைகளில், அந்தக் களைப்போடும், விளக்கைத் தனித்தனியாகக் கழற்றி முன்னே வைத்துக்கொள்வார். புளியும் அடுப்புச் சாம்பலும் சேர்த்துத் தேங்காய் நாரால் தேய்ப்பார். தேய்த்து முடிக்கையில் விளக்கு பொன்போல் ஒளிரும். அவர் கைகள் கறுத்திருக்கும். "கை கறுத்தாத்தான் வெளக்கு வெளுக்கும்" என்பார். உழைப்பின் அளவே ஒளியின் அளவு என்பது அவருடைய வாழ்க்கை கற்பித்த பாடம். அதை அவர் வேறு எங்கும் படித்ததில்லை.

காலம் மாறியது. நான் படித்து ஆசிரியனானேன்; தாமான் ஒன்றில் மாடியில்லாத வரிசை வீடு ஒன்றை வாங்கினேன். தந்தையார் மறைந்தபின் அம்மா எங்களோடு வந்து தங்கினார். 2011ஆம் ஆண்டில் என் மகளுக்கு வரன் அமையும் நேரம் வந்தது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது முதுமொழி. இரண்டையும் செய்து பார்க்கிறவனுக்கு இடையில் மூன்றாவதாக ஒன்று வந்து சேரும். அதுதான் வீட்டை நிரப்பிப் பார்ப்பது. "பொண்ணு பார்க்க வர்றவங்க மொதல்ல வீட்டைத்தான் பார்ப்பாங்க" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதில் தவறில்லை. ஆள் பாதி, ஆடை பாதி என்பது மனிதனுக்கு மட்டுமா? வீட்டுக்கும் அதுவே என்று எண்ணிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினோம்.

அந்நாளில் நான் அறியாதிருந்து, பின்னர் பட்டறிந்த சிலவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, வெள்ளை என்பது ஒரு நிறமன்று. அது ஒரு குடும்பம். பால் வெள்ளை உண்டு. பனி வெள்ளை உண்டு. தந்த வெள்ளையும் உண்டு. கடையின் ஒளிவெள்ளத்தில் எல்லாம் உடன்பிறந்தவைபோல் தோன்றும். வீட்டுக்கு வந்து குழல்விளக்கின்கீழ் நிறுத்தினால் ஒன்று நீலம் பாய்ந்திருக்கும். மற்றொன்று மஞ்சள் பாய்ந்திருக்கும். நாங்கள் அலமாரியையும் காப்பி மேசையையும் ஒரு கடையில் வாங்கினோம். கைப்பணம் போதாமையால் உணவு மேசையை மூன்று மாதம் கழித்து வேறொரு கடையில் வாங்கினோம். அவற்றை அருகருகே வைத்த அன்றுதான் இந்த உண்மை விளங்கியது. இணையாக வேண்டுமென்று விரும்புகிறவர் எல்லாவற்றையும் ஒரே தயாரிப்பில், ஒரே தடவையில் வாங்குவது நலம். இல்லையேல், நிறத்துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பகலொளியிலும் இரவு விளக்கிலும் வைத்துப் பார்த்துவிட வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பதும் நன்றன்று. வெயிலும் காலமும் முதலில் வாங்கியதன் நிறத்தைச் சிறிது மாற்றியிருக்கும். புதியது அதனோடு ஒட்டாது.

இரண்டாவது, பளபளப்பின் தரத்தைக் காண எளிய வழி ஒன்றுண்டு. பொருளுக்கு நேரே நில்லாமல் பக்கவாட்டில் நின்று, அதில் விழும் குழல்விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். பிம்பத்தின் விளிம்பு நூல்பிடித்தாற்போல் நேராக இருந்தால் பரப்பு சமமானது. ஆரஞ்சுத் தோல்போல் நெளிந்து தெரிந்தால் பூச்சு செம்மையாக அமையவில்லை. தொழிற்சாலைகளில் இதை அளப்பதற்குக் கருவியே வைத்திருக்கிறார்கள். 60 பாகைக் கோணத்தில் ஒளியைச் செலுத்தி, அதே கோணத்தில் மீளும் ஒளியை அக்கருவி அளக்கும். அதில் 70 அலகுக்கு மேல் காட்டும் பரப்பை உயர்ந்த பளபளப்பு என்று கொள்வார்கள். பரப்பு முற்றும் சமமாக இருந்தால் ஒளி ஒரே திசையில் திரும்பும்; கண்ணாடிபோல் உருவம் காட்டும். மெல்லிய கீறல் விழுந்தாலும் ஒளி சிதறும், பரப்பு மங்கும். ஆகவே பளபளப்பைக் காப்பது என்பது வேறொன்றுமில்லை. அந்தச் சமநிலை கெடாமல் காப்பதே.

மூன்றாவது, மேலே தெரிவதோடு நின்றுவிடாமல் உள்ளே இருப்பதையும் கேட்டறிய வேண்டும். மேற்பரப்பு தெளித்த பூச்சா, அக்ரிலிக் தகடா, ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் உறையா என்பதைப் பொறுத்தே பின்னாளில் அதைச் சீர்செய்ய முடியுமா என்பது அமையும். உள்ளே இருப்பது பெரும்பாலும் எம்.டி.எஃப் என்னும் பலகை. மரத்தை நாராக்கி, பசை கலந்து, வெப்பத்தில் அழுத்திச் செய்வது அது. மரத்துக்குரிய வரியும் கணுவும் அதில் இல்லை. அதனாலேயே பளபளப்புப் பூச்சுக்கு அது மிகவும் ஏற்றது. ஆனால் நீர் பட்டால் ஊதிவிடும். நாள்தோறும் தரையை ஈரத்துணியால் துடைக்கும் நம் வீடுகளில், தரையில் அப்படியே உட்காரும் அலமாரியைவிடக் கால்மேல் நிற்கும் அலமாரியே நெடுநாள் உழைக்கும். ஓரங்களில் ஒட்டிய பட்டை இடைவெளியின்றி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஈரம் நுழைவது அவ்வழியாகத்தான்.

நான்காவது, எதையும் அளவோடு வைக்க வேண்டும். பளபளப்பான பொருள் தனக்கு எதிரே உள்ளதை இரட்டித்துக் காட்டும். எதிரே விளக்கு இருந்தால் இரண்டு விளக்கு. எதிரே பழைய செய்தித்தாள் குவியல் இருந்தால் இரண்டு குவியல். ஓர் அறையில் ஒன்றிரண்டு பொருள் மின்னட்டும். மற்றவை மரநிறத்திலோ பிரம்பிலோ அடக்கமாக இருக்கட்டும். கண்ணுக்கும் ஓய்வு வேண்டுமன்றோ? நிறத்தைப் பொறுத்தவரை, கறுப்பு தூசியையும் விரல் ரேகையையும் மறைக்காமல் காட்டிவிடும். வெள்ளை அவற்றை ஓரளவு மறைக்கும். ஆனால் மஞ்சள் கறையை மன்னிக்காது. நம் வீடுகளில் மஞ்சள் இல்லாத நாள் ஏது?

அலமாரி வந்திறங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொண்டுவந்த சீன முதியவரும் அவருடைய உதவியாளரும் பாகங்களைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்தட்டுகளைத் தாங்கும் சட்டம் ஒன்று பூச்சில்லாமல் வெளிறித் தெரிந்தது. அம்மா அருகே வந்து அதை விரலால் தட்டிப் பார்த்தார். முதியவர் சிரித்துக்கொண்டே, "காயு கெத்தா, நெனெக்" என்றார். கித்தா மரம்தான் பாட்டி என்று பொருள். அம்மாவின் முகம் மலர்ந்தது. "நம்ம மரமா? இதுவா இப்படி ஆயிருச்சு!" என்று அதைத் தடவிக் கொடுத்தார்.

அந்த வியப்புக்குக் காரணம் உண்டு. பிரேசில் நாட்டு மரமாகிய இது, லண்டன் கியூ தோட்டத்தின் வழியாக 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்தது. அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அதன்பின் இந்நாட்டில் அம்மரம் பரவிய வரலாறும் நம் முன்னோர் கப்பலேறிய வரலாறும் ஒன்றோடொன்று பின்னியவை. ஏறத்தாழ 25, 30 ஆண்டுகள் பால் தந்தபின் மரத்தை வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் அந்நாளில் விறகுக்கே போனது. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணம் பற்றிக் கறுத்து, வண்டு துளைத்துவிடும் மரம் அது. பலகைக்கு ஆகாது என்றே ஒதுக்கியிருந்தார்கள். போரான் உப்புக் கரைசலை ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வழக்கத்துக்கு வந்தபின் நிலைமை மாறியது. 1980களிலிருந்து அது மலேசியத் தளவாடத் தொழிலின் முதன்மையான மரமாக வளர்ந்தது. எங்கள் ஜொகூர் மாநிலத்து மூவார் நகரம் அத்தொழிலால் பெயர் பெற்றது. எம்.டி.எஃப் ஆலைகளும் இந்த மரத்தையே பெரிதும் நம்பி எழுந்தன. ஆக, அம்மாவின் தலைமுறை காயம்படாமல் வெட்டிக் காத்த மரங்களின் இனமே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் முன்னறையில் வந்து நின்றது.

பொருத்தும் வேலை முடிந்து, கதவுகளின் மேலிருந்த காப்புத் தாளை உரித்ததும் அறையே வெளிச்சமாயிற்று. அம்மா தம் முகத்தை அதில் பார்த்துவிட்டு, "தொரை வீட்டு மேசை இப்படித்தான் மின்னும்" என்றார். மணமான புதிதில் அவர் சில மாதம் பங்களாவில் துப்புரவு வேலை பார்த்தவர். "அரக்குப் பூசினது. கிட்டப் போனா மொகம் தெரியும். ஆனா தொடக் கூடாதுன்னு சொல்லிருவாங்க. தரையை மட்டும் தொடைச்சிட்டு வந்துருவோம்" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இரண்டு மாதத்தில் என்னையே குத்தும் என்று நான் அறியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டங்கள் பிறந்தன. எண்ணெய்க் கையோடு கதவைத் திறக்கலாகாது. சூடான பாத்திரத்தை மேசைமேல் வைக்கலாகாது. சோறு வேகும் மின்பானையை அலமாரியின் அருகே வைக்கலாகாது; ஆவி பட்டால் ஓரப் பட்டை பெயரும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும். வெயில் பட்டால் வெண்மை பழுக்கும். சட்டங்கள் யாவும் சரியானவையே. ஆனால் அவற்றின் காரணத்தை நாங்கள் அம்மாவுக்கு விளக்கவில்லை. "தொடாதீங்க" என்ற முடிவை மட்டும் சொன்னோம்.

அவ்வாண்டுத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு நான் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினேன். அம்மா முன்னறையில் இருந்தார். குத்துவிளக்கு தேய்த்துக் கழுவித் துடைக்கப்பட்டு, பொன்போல் மேடைமீது நின்றது. அம்மா அலமாரியின் முன் குந்தியிருந்தார். கதவில் யாரோ வைத்த மஞ்சள் விரல் கறை ஒன்று. விளக்கைத் தேய்த்த அதே தேங்காய் நார், அதே பாத்திரம் தேய்க்கும் தூள். வட்ட வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கறை போயிருந்தது. அதோடு ஒரு தட்டின் அளவுக்குப் பளபளப்பும் போயிருந்தது.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் எழுதத்தான் வேண்டும். "மூவாயிரம் வெள்ளி போட்டு வாங்கினதும்மா! தெரியலைன்னா தொடாம இருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

அம்மா எழுந்தார். கையிலிருந்த நாரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "தேய்ச்சா பளபளக்கும்னு நெனச்சேன்பா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுக்களைக்குப் போய்க் கைகழுவும் ஓசை கேட்டது. அது நெடுநேரம் கேட்டது.

அதன்பின் அம்மா முன்னறைத் தளவாடங்கள் எதையும் தொடுவதில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னால் "தரைதான்பா எனக்குச் சுகம்" என்று பாயை விரித்துக்கொள்வார். அலமாரியைக் கடந்து நடக்கையில் முந்தானையில் கைகளைச் சுற்றிக்கொள்வார். நாற்பது ஆண்டு மரம் வெட்டிக் காய்த்த கைகள் அவை. அவருக்கு இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்ன ஒரு சொல் அவரை மீண்டும் பங்களாவின் தரைக்கு அனுப்பிவிட்டது. இதைக் கண்டும் கேட்க நாணி, காலம் ஆற்றிவிடும் என்று நான் இருந்துவிட்டேன். பிள்ளைகள் தாய்மாரிடம் செய்யும் பிழைகளில் பெரியது இதுவே போலும்.

நான்கு வாரம் கழித்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அறை மின்னியது, கெட்டுப்போன கதவின் முன் பூச்சாடி ஒன்றை வைத்து மறைத்திருந்தோம். பேச்சு நல்லபடியாக நடந்தது. இடையில் மாப்பிள்ளையின் பாட்டியார், "வீட்டுல பெரியவங்க இருக்காங்களாமே, எங்கே காணோம்?" என்று கேட்டார். அம்மா அடுக்களையில் இருந்தார். அழைத்ததும் வந்தார், வந்து, வழக்கம்போல் ஓரமாகத் தரையில் அமர்ந்தார். அந்த மூதாட்டி தயங்கவில்லை. காப்பி மேசைமேல் இரு கைகளையும் அழுத்தமாக ஊன்றி நாற்காலியிலிருந்து எழுந்தார். அம்மாவின் அருகே தரையில் அமர்ந்துகொண்டார். எந்தத் தோட்டம், எத்தனை மரம், எந்தக் கங்காணி என்று இருவருக்கும் பேச்சு ஓடியது. சம்பந்தம் நாற்காலிகளில் பேசப்பட்டது. உறவு பாயில் முடிந்தது.

அவர்கள் விடைபெற்றுச் சென்றபின் பார்த்தேன். மேசையெங்கும் கைரேகைகள், நடுவே பாட்டியார் ஊன்றிய இரண்டு உள்ளங்கைகளின் தடம். நானும் மனைவியும் துடைக்கத் தொடங்கினோம். அம்மா தள்ளி நின்றார். "நீங்களும் ஒரு கை குடுங்கம்மா" என்று துணியை நீட்டினேன். "வேணாம்பா, நான் கெடுத்துருவேன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுவாரம் தளவாடம் சீர்செய்யும் ஒருவரை அழைத்துவந்தேன். அவர் கதவைப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். இது தெளித்த பூச்சு; அதனால் சீர்செய்யலாம்; ஒட்டிய மெல்லுறையாக இருந்தால் கதவையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார். காருக்குப் போடுவது போன்ற மெல்லிய மெருகுக் குழம்பைத் தடவி, பஞ்சுச் சக்கரத்தால் பொறுமையாகத் தேய்த்தார். மங்கல் பெரும்பாலும் நீங்கியது. ஆழமான சில கோடுகள் நிற்கும், அவற்றை முற்றும் எடுக்க முயன்றால் பூச்சே தேய்ந்துபோகும் என்று அவர் சொன்னார்.

அம்மா அடுக்களை வாசலில் நின்று இதையெல்லாம் கவனித்தவர், மெல்ல வந்து மலாய் மொழியில் அவரிடம் கேட்டார்: எதனால் கீறுகிறது? எவ்வளவு அழுத்தலாம்? எந்தத் துணி? அவரும் மதித்து விடை சொன்னார். பூச்சு எவ்வளவு மெல்லியது என்று கட்டைவிரல் நகத்தைக் காட்டி விளக்கினார். அம்மா தலையசைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "பட்டை மாதிரிதான்பா. ஆழமா எறங்கினா மரம் காயப்பட்டுரும். மேலாக்கப் போனா பாலு வராது. அந்த அளவுதான் இதுக்கும்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பால் மரம் வெட்டும்போது உயிர்த்திசுவுக்கும் கத்திக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்ட வேண்டும். அந்த ஒரு மில்லிமீட்டரை, இருட்டு விலகாத வேளையில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில், நாற்பது ஆண்டுகள் காத்த கை அது. அந்தக் கையை நான் முரட்டுக் கை என்று எண்ணிவிட்டேன். உண்மையில் எங்கள் வீட்டிலேயே நுண்ணிய கை அதுதான். எந்தப் பரப்பு எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் யாரும் அதற்குச் சொல்லவில்லை.

"இனிமே இந்தச் சாமானெல்லாம் உங்க பொறுப்பும்மா" என்றேன். அவர் உடனே இசையவில்லை. இரண்டு நாள் கழித்து, பழைய கைலி ஒன்றைக் கிழித்து, தையல் ஓரங்களை வெட்டி எறிந்துவிட்டு, துணியை மடித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

அன்றுமுதல் அம்மா வகுத்த முறையே எங்கள் வீட்டு முறையாயிற்று. முதலில் உலர்ந்த மென்துணியால், அழுத்தாமல், தூசியை மட்டும் எடுக்க வேண்டும். தூசியோடு தேய்த்தால் தூசியே உப்புத்தாளாகிவிடும். பிறகு, நீரில் ஒருசொட்டு மென்மையான சவர்க்காரம் கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, மேலிருந்து கீழாக நேராக இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. மூன்றாவதாக, உலர்ந்த துணியால் உடனே ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும், முக்கியமாக ஓரங்களில். மஞ்சளோ குழம்போ பட்டால் அந்தக் கணமே துடைத்துவிட வேண்டும். நாளைக்கு என்று விட்டால் அது குடியேறிவிடும். கண்ணாடி துடைக்கும் அமோனியாக் கலவையும், சுரண்டும் தூளும் கிட்டே வரக் கூடாது. மெழுகும் வேண்டாம், அது படிந்து படிந்து புகைமூட்டம்போல் ஆகிவிடும். விளக்கை அலமாரியிலிருந்து சில அடி தள்ளியே வைக்க வேண்டும். எண்ணெய்ப் புகை அருகிலுள்ள பரப்பில் பிசுக்காகப் படியும்.

இந்தப் பணிகளை அம்மா வேலையாகக் கருதவில்லை. தம் நிறையில் மரம் பார்ப்பதுபோல் பார்த்தார். காலையில் பசியாறியபின் அலமாரியின் முன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அமர்வார். ஆம், நாற்காலியில்தான். 2012இல் பேத்தியின் திருமணம் நடந்தது. மறு ஆண்டு கொள்ளுப்பேத்தி பிறந்தாள். அவள் நடக்கத் தொடங்கியதும், பிசுபிசுத்த கைகளைக் கதவில் பதித்துவிட்டு ஓடுவாள். நாங்கள் "ஐயோ, தொடாதே!" என்று வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொள்வார். "தொடட்டும் விடு. தொட்டாத்தானே தொடைக்கலாம்" என்பார். பிறகு அந்தச் சிறு கையில் துணியைக் கொடுத்து, அதன்மேல் தம் கையை வைத்து, "லேசா, லேசா" என்று மேலிருந்து கீழாக இழுத்துக் காட்டுவார்.

அம்மா 2018இல் காலமானார்.

பாரதக் கதையில் துரியோதனன் வாரணாவதத்தில் கட்டுவித்த அரக்கு மாளிகை நம் எல்லாருக்கும் தெரியும். கண்டோர் வியக்க மின்னிய மாளிகை அது. ஆனால் உள்ளிருப்போரை வாழவைக்கக் கட்டியதன்று. பளபளப்பான வீடுகளைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதை நினைவுக்கு வரும். அழகை வெறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. லயத்து வீட்டிலிருந்து வந்த நமக்கு, மின்னும் மேசையொன்றின் முன் அமர்ந்து காப்பி அருந்தும் ஆசை இருப்பது இயல்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாங்குங்கள், நிறம் பார்த்து, ஓரம் பார்த்து, பிம்பம் பார்த்து வாங்குங்கள். ஆனால் வீட்டில் மூத்தவர் இருந்தால், பொருள் வந்திறங்கும் நாளிலேயே அவரை அருகில் அழைத்து அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துடைக்கும் துணியை அவர் கையில் கொடுத்து, முறையைச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள கை ஒன்று தன்னை மறைத்துக்கொள்ளும்படி செய்யும் பளபளப்பு நமக்கு ஆகாது.

என் மகள் அண்மையில் வந்திருந்தபோது அலமாரியைப் பார்த்துவிட்டு, "சன்னலோரக் கதவு பழுத்துப் போச்சுப்பா. புதுசா ஒரு செட் வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டாள். உண்மைதான். சன்னலோரக் கதவு தந்த நிறமாகிவிட்டது. உணவு மேசையோடு இப்போதுதான் ஓரளவு பொருந்துகிறது. வேண்டாம் என்றேன். காரணம் கேட்டாள். மாலையாகட்டும் என்றேன்.

மாலையில் விளக்கேற்றினேன். அலமாரிக் கதவில் சுடரின் பிம்பம் தோன்றியது. அந்தப் பிம்பத்தைச் சுற்றிலும் பட்டு நூலினும் மெல்லிய வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக, ஒளியால் வரைந்தாற்போல் தெரிந்தன. பகலில் அவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எதிரே சுடர் இருந்தால் மட்டுமே தெரியும். மெருகுக் குழம்பு எடுக்காமல் விட்ட கோடுகள் அவை. ஒரு தீபாவளிக்கு முன்னாள் அம்மாவின் கை போட்டவை. மகள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய், இழுப்பறையிலிருந்த கைலித் துணியை எடுத்துவந்து, கதவை மேலிருந்து கீழாக மெல்லத் துடைத்தாள்.